தேதி இல்லாத ஏழு மாத்திரைகள்

மருந்துக் கிடங்கில் அவளைத் தேதியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. கடைகளில் விற்காமல் திரும்பி வரும் மருந்தெல்லாம் அவள் மேசைக்கு வரும். அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். தாள் உப்பியிருக்கிறதா, எழுத்து தேய்ந்திருக்கிறதா, எவனாவது பிரித்து ஒட்டியிருக்கிறானா என்று தடவிப் பார்க்க வேண்டும். நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம். கெட்டதன் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவாள், மறுபடி எந்தக் கடை அலமாரிக்கும் அது ஏறிவிடக் கூடாது. தேதி இல்லாத அட்டை என்றால் கேள்வியே கிடையாது. உள்ளே அமிர்தமே இருந்தாலும் குப்பைதான்.

சேர்ந்த புதிதில் அவளும் எல்லோரையும் போல, சிரித்துப் பேசுகிறவர்களை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கடைக்காரர் வாரம் தவறாமல் வருவார். "என்னம்மா, சாப்டாச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியை இறக்குவார். ஒருநாள் அவர் பெட்டியின் மேல் அடுக்கை மட்டும் பார்த்துவிட்டு நல்ல பக்கம் தள்ளிவிட்டாள். அடி அடுக்கில் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து பதினாறு புட்டி, பழைய தேதிமேல் புதுத் தேதி ஒட்டியது. வண்டியில் ஏற்றும் முன் வேறு ஒருவர் கண்ணில் பட்டதால் தப்பித்தது. அன்று சாயங்காலம் வரை அவள் பார்த்து முடித்த பெட்டிகளையெல்லாம் மறுபடி திறந்து பார்த்தாள். அதற்கப்புறம் யாராவது சாப்பிட்டாச்சா என்று கேட்டாலே அவளுக்கு அவர்கள் பெட்டியின் அடி அடுக்கைப் பார்க்கத் தோன்றும். இப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

இந்தக் குணத்தைக் கிடங்கு வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்தது. பால் பாக்கெட்டிலிருந்து மின்சார ரசீது வரை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்கப்பட்டன. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் பட்டச் சான்றிதழை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தவள் அவள். மாப்பிள்ளை இன்றைக்கும் அவளைக் கண்டால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

கணவர் நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டிடங்களில் இருபத்தோரு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. அதிர்ந்து பேச மாட்டார், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். அவர் பொறுப்பில் இருந்த எந்த லிஃப்ட்டிலும் இருபத்தைந்து வருடமாக ஒரு விபத்துகூட இல்லை என்பதற்காகக் கம்பெனி அவருக்கு ஒரு பரிசு கொடுத்தது. கணவன் மனைவி இருவருக்கும் வெப்பமண்டலக் கடலில் ஒரு தீவு, ஐந்து நாள், விமானம் முதல் அறை வரை எல்லாம் கம்பெனி பொறுப்பு.

மனிதர் பரிசு உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று சிரித்தார். அவள் உறையை வாங்கி, ஒட்டிய பசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சும்மா யாருங்க குடுப்பாங்க? எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்றாள்.

"வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து."

"அதான் பார்த்தேன்."

மறுநாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்து உண்மைதானா என்று கேட்டாள். சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டாள். அதற்கு மறுநாள் மூன்றாம் தடவை குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள். எதிர்முனையில் இருந்த பெண், "உண்மைதாங்க, நேத்து பேசினப்பவே சொன்னேனே," என்றாள். அதற்குமேல் கேட்க வழியில்லாமல் போயிற்று.

புறப்பட எட்டு நாள் இருக்கும்போதே சாப்பாட்டு மேசையைக் காலி செய்து மூட்டை கட்டும் வேலையில் இறங்கினாள். வெளியூரில் இருக்கும் மகள் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டுப் போனிலும் பேசினாள்.

"அம்மா, அங்க வெயில் கொளுத்தும், திடீர்னு மழையும் கொட்டும். எல்லாம் லேசான பருத்தியா எடுத்துக்கோ. அப்பாவை ஜீன்ஸ் எடுக்க விடாதே, நனைஞ்சா காயவே காயாது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் சொல்றேன்."

"நீ அங்க போயிருக்கியா?"

மகள் போனை வைத்துவிட்டாள். தேதியம்மா அவருடைய ஜீன்ஸ் ஒன்றையும் பருத்திக் கால்சட்டை ஒன்றையும் நனைத்துப் பிழிந்து, பால்கனிக் கொடியில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, மணி பார்த்து வைத்தாள். பருத்தி மத்தியானத்துக்குள் காய்ந்தது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டை மறுநாள் காலையிலும் ஈரமாக இருந்தது. அப்புறம்தான் பட்டியலின் முதல் வரிக்கு எதிரே ஒரு டிக் விழுந்தது.

வெயிலுக்குத் தடவும் களிம்பு மூன்று வாங்கியதில் இரண்டு கழிவுக்குப் போயின. ஒன்றில் தேதி அடித்த மடிப்பு நசுங்கியிருந்தது, இன்னொன்றின் மூடியை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். கொசு மருந்தின் கதை இன்னும் மோசம். அவரைப் பால்கனியில் உட்காரவைத்து, ஒரு கையில் மட்டும் தடவி, மறு கையைச் சும்மா விட்டு, பொழுது சாயும் நேரத்தில் அரைமணி நேரம் அசையாமல் இருக்கச் சொன்னாள். தடவாத கையில் நாலு கடி. தடவிய கையில் ஒன்று.

"நாலுக்கு ஒண்ணுதானே கடிச்சிருக்கு, நல்ல மருந்துதான்," என்றார் அவர், இரண்டு கையையும் சொறிந்தபடி.

"அந்த ஒண்ணு போதாதா காய்ச்சல் வர?" என்று சொல்லி அந்தப் புட்டியையும் ஒதுக்கினாள். வேறு கடை, வேறு மருந்து, மறுநாள் மறுபடி அதே நாற்காலி. மனிதர் முகம் சுளிக்காமல் வந்து கையை நீட்டினார்.

கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் கட்டிய மருந்துப் பெட்டியில் யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, படகில் குமட்டினால் போட, அரிப்புக்கு, ஒவ்வொன்றும் வெட்டாத முழு அட்டை. நீர்ச்சத்து குறைந்தால் கலக்கிக் குடிக்கும் உப்புத்தூள் எட்டுப் பொட்டலம். பவளப் பாறை கீறினால் கழுவிக் கட்டத் துணி, செருப்புக் கடிக்குப் பிளாஸ்திரி, காய்ச்சல் பார்க்கும் கருவி. "இது கைப்பையிலதான் வரணும். பெரிய பெட்டியில போட்டா, பெட்டி ஒரு ஊருக்குப் போகும், நாம ஒரு ஊருக்குப் போவோம்," என்றாள். கூர்மையான சாமான் கைப்பையில் இருக்கக் கூடாது, திரவம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவர் மேல் சந்தேகம் முதலில் வந்தது சட்டைகளால். அவர் மூன்று பூப்போட்ட சட்டைகள் வாங்கி வந்திருந்தார். அதில் ஒன்று மஞ்சளில் பெரிய பெரிய பூ. இருபத்தைந்து வருடமாக நீலச் சீருடையைத் தவிர வேறு நிறம் அறியாதவர், பனியன் கிழிந்தால்கூட அவள்தான் வாங்கிப் போட வேண்டும்.

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"நானேதான்."

"நீங்களா மஞ்சள் எடுத்தீங்க?"

"நல்லா இல்லையா?"

அவள் பில்லைப் பார்த்தாள். புதன்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. "இந்த நேரத்துல டூட்டியில இல்ல நீங்க இருக்கணும்?" என்றாள். பழுது பார்க்கப் போனதே அந்தத் துணிக்கடைக் கட்டிடத்துக்குத்தான் என்றார் அவர். மறுநாள் கிடங்கிலிருந்து திரும்பும்போது அவள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அந்தக் கட்டிடத்துக்குள் போய், லிஃப்ட்டில் மாட்டியிருந்த பராமரிப்பு அட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள். புதன்கிழமைக்கு நேரே அவர் கையெழுத்து இருந்தது. சட்டைகள் தப்பித்தன. ஆனால் சில நாளாக அவர் பால்கனிக்குப் போய்த் தணிந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தார். கேட்டால், அந்தத் தீவுக்குப் போய் வந்த கூட்டாளியிடம் விவரம் கேட்பதாகச் சொன்னார். விவரம் கேட்பதற்கு எதற்குத் தணிந்த குரல்?

புறப்பட நாலு நாள் இருக்கும்போது அவருடைய சவரப் பையைத் திறந்தாள். பிளேடைப் பெரிய பெட்டிக்கு மாற்றுவதற்குத்தான், வேறு எண்ணமில்லை. பிளேடு மேலேயே இருந்தது. எடுத்துவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் அவள் அடி அடுக்கைப் பார்க்காமல் எதையும் மூடியதில்லை. உள்பக்கம் ஒரு சின்ன ஜிப் இருந்தது. அதற்குள், நாலாக மடித்த காகிதத்தில், வெட்டிய அட்டை ஒன்று. ஏழு மாத்திரைகள். இரண்டு பக்கமும் வெள்ளித் தாள், உள்ளே இருப்பது தெரியாது. பெயர் இருந்த பாதி இல்லை. தேதி இருந்த ஓரமும் இல்லை. கம்பெனி விலாசத்தின் கடைசி வரியும் ஒரு சிவப்புக் கோடும் மட்டும் மிச்சம்.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தேதி இல்லாத அட்டை இந்த வீட்டுக்குள் வராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டி, மடித்து, ஜிப்புக்குள் வைத்திருக்கிறார் என்றால் அது அவள் கண்ணில் படக் கூடாத மாத்திரை. ஐந்து நாள் பயணத்துக்கு ஏழு. போக ஒன்று, வர ஒன்று. ஆகத் தினமும் சாப்பிடுகிற மாத்திரை. மனிதருக்கு ஏதோ நோய். சின்ன நோயாக இருந்தால் சொல்லியிருப்பார்.

மடிப்பு மாறாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அன்று சாயங்காலம் முழுக்க அவரைக் கவனித்தாள். கவனிக்க ஆரம்பித்தால் எதில்தான் குறை தெரியாது? வீட்டுக்குப் படியேறும்போது மூன்றாம் மாடி வளைவில் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். இதற்கு முன் மாற்றியிருக்கிறாரா? ஞாபகமில்லை. சாப்பிடும்போது ஒருமுறை மார்பைத் தடவினார். பருக்கை விழுந்ததைத் துடைத்தாரோ என்னவோ, அவளுக்குத் தடவியதாகத்தான் பட்டது. குளியலறையில் பாடினார். பூப்போட்ட சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று பார்த்தார். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்ததில்லை. உள்ளே ஒன்றை மறைத்துவைத்திருப்பவர்கள்தான் இப்படி வலிந்து சந்தோஷமாக இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"உங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் எதையும் சும்மா கேட்கிறவள் இல்லை. வேறு யாராக இருந்தாலும் உஷாராகியிருப்பார்கள். அவர், "நீயும் ஒரு தொப்பி வாங்கிக்கோ, வெயில் மண்டையைப் பொளந்துடுமாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனிப் பரிசு, மஞ்சள் சட்டை, தணிந்த குரலில் போன் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. இது கடைசிப் பயணம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதைத் தன்னிடம் சொல்லாமல் சிரித்த முகமாக ஐந்து நாள் தன்னைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். இரண்டு பேருக்கு வாங்கும் பாலை ஒருவருக்கு வாங்குவதுவரை நினைத்துவிட்டு, அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். கேட்டு அவர் ஒன்றுமில்லை என்றால், அதைத் தன்னால் நம்ப முடியாது என்பது இன்னொரு பக்கம்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் சவரப் பையை எடுத்தாள். கத்தரிக்கோலால் ஓரத்து மாத்திரை ஒன்றை மட்டும் நேர்க்கோட்டில் வெட்டி எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கிடங்கில் மருந்தாளுநர் ஒரு இளம்பெண். பட்டம் படித்தவள், மேசைக்குப் பின்னால் எந்நேரமும் கம்ப்யூட்டரில் முகம் புதைத்திருப்பாள். இவள் அவளை மேடம் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

"மேடம், இது என்ன மாத்திரைன்னு பார்த்துச் சொல்லுங்க."

"அட்டை எங்க அக்கா?"

"இவ்வளவுதான் இருக்கு."

"தேதி இல்லாத சரக்கை நீங்களே கொண்டு வர்றீங்களா? மழை வரப்போகுது," என்று சிரித்துக்கொண்டே மருந்தாளுநர் வெள்ளித் தாளை அழுத்தி மாத்திரையைத் தட்டில் விழவைத்தாள். சின்ன மாத்திரை, வெளிர் மஞ்சள், எட்டு மூலை. நடுவில் ஒரு கோடு. பின்பக்கம் பொறித்திருந்த எழுத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். அந்தச் சில நொடிகளில் தேதியம்மா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிரஷர் மாத்திரை அக்கா. அஞ்சு மில்லிகிராம். சாதாரணமாக் குடுக்கிறதுதான்."

"பிரஷர் மட்டும்தானா? இதயத்துக்கு இல்லையே? வேற எதுக்கும் குடுக்க மாட்டாங்களே?"

"பிரஷர்தான். யாருக்கு, சாருக்கா?"

மூச்சு வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. பிரஷரைச் சொல்வதற்கு என்ன? அதை எதற்கு ஜிப்புக்குள் மறைக்க வேண்டும்? வேறு மாத்திரையையும் வேறு எங்கேயாவது வைத்திருப்பாரோ? அவள் இதையெல்லாம் வரிசையாக யோசித்துக்கொண்டிருக்கும்போது மருந்தாளுநர் சொன்னாள்: "நீங்களும் பிரஷருக்குப் போடுறீங்கல்ல அக்கா? உங்களோடதா இருக்கப்போகுது."

"என்னோடது இது இல்ல."

"உங்களோடது எப்படி இருக்கும்?"

தேதியம்மா வாயைத் திறந்தாள். வெள்ளை என்று சொல்ல வந்தாள். பிறகு, வட்டமா நீளமா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் லட்சக்கணக்கான அட்டைகளைத் திருப்பிப் பார்த்தவளுக்குத் தான் தினமும் விழுங்குகிற மாத்திரையின் நிறம் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எட்டு வருடத்துக்கு முன் கிடங்குப் படியில் அவள் மயங்கி விழுந்தாள். பிரஷர், தினமும் மாத்திரை, நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். அவளோ எந்த அட்டையையும் நம்பவில்லை. இதில் அச்சு மங்கல், இதில் தாள் தளர்வு, இந்தக் கடைக்காரன் முழி சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் மாத்திரை போடாமல் ஓட்டினாள். மறுபடி தலை சுற்றியது. அப்போதுதான் அவர், "நீ பார்க்க வேணாம், நான் பார்த்துக்கிறேன்," என்றார். அன்றிலிருந்து வாங்குவது அவர், வைப்பது அவர். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன், அவள் பாதித் தூக்கத்தில் கையை நீட்டுவாள். அவர் உள்ளங்கையில் ஒன்றை வைப்பார், வெந்நீர் கொடுப்பார். மூக்குக் கண்ணாடி அலமாரியில் இருக்கும். விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள். பொழுது விடிவதைப்போல அது தானாக நடந்துகொண்டிருந்தது. தீவுப் பயணத்துக்கு உப்புத்தூள் வரை எண்ணி எடுத்துவைத்தவள் தன் பிரஷர் மாத்திரையைப் பட்டியலில் எழுதவே இல்லை. அது ஒரு மருந்து என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்தாள். அவர் மாத்திரை வைக்கும் டப்பா எது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மூன்று அலமாரி தேடி, அவருடைய ஸ்பானர் பெட்டிக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தாள். உள்ளே முழு அட்டைகள் ரப்பர் போட்டு இருந்தன. மேலே ஒரு பாதி அட்டை. பெயரும் இருந்தது, தேதியும் இருந்தது, காலாவதிக்கு இன்னும் பதினாலு மாதம். சவரப் பையிலிருந்த பாதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வெட்டு வெட்டோடு சேர்ந்தது. நல்ல பாதி அவளுடைய கைப்பைக்கு. பை தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பாதி அவருடைய பைக்கு. ஒரே கயிற்றில் எதையும் தொங்கவிடாத தொழில் அவருடையது. அவளிடம் சொன்னால் தேதி இல்லை என்று குப்பையில் போட்டுவிடுவாள், அதனால்தான் ஜிப்புக்குள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் முடித்துக்கொண்டு, ஆறு மாத்திரைகள் இருந்த பாதியைப் பழையபடி மடித்து ஜிப்புக்குள் வைத்தாள். ஒன்று குறைவதை யார் எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தாள். எண்ணுகிற உத்தியோகம் தனக்கு மட்டும்தான் என்ற நினைப்பு.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு பெட்டிகளை எடை பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டுச் சவரப் பையோடு அடுப்படிக்கு வந்தார்.

"ஒண்ணு குறையுது," என்றார்.

அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "என்ன குறையுது?"

"கத்தரிக்கோலால வெட்டியிருக்கு. இவ்வளவு நேரா இந்த வீட்ல நீ ஒருத்திதான் வெட்டுவே."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்ல வரவில்லை. "நான்தான் எடுத்தேன்," என்றாள்.

"எதுக்கு?"

"என்னன்னு பார்க்க. கிடங்குல மேடம்கிட்டக் காட்டினேன்."

அவர் அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"மாப்பிள்ளை சர்டிபிகேட்டைப் பார்த்தே, ஒண்ணும் சொல்லல. என் கம்பெனிக்கு மூணு தடவை போன் பண்ணே. அந்தப் பொண்ணு எங்கிட்டச் சொல்லிச்சு, நான் உன்னைக் கேட்கல. புதன்கிழமை எங்க இருந்தேன்னு லிஃப்ட் வரைக்கும் போய்ப் பார்த்தே. வாட்ச்மேன் சொன்னான். பரவாயில்லைன்னு விட்டேன்." அவர் சவரப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். "காலையில நான் குடுக்கிறதை மட்டும் நீ பார்த்ததே இல்ல. எட்டு வருஷமா ஒருநாள்கூட என்னன்னு கேட்டதில்ல. இவ ஒலகத்துல யாரையும் நம்ப மாட்டா, என் கையை மட்டும் நம்புறான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கூட்டாளிங்ககிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கேன்."

"நான் அதைச் சந்தேகப்படலங்க. உங்களுக்கு ஏதோ சீக்குன்னு நினைச்சேன். பயந்துட்டேன்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன். உன் மாத்திரைதான், பை தொலைஞ்சா வேணுமேன்னு வெச்சேன்னு சொல்லியிருப்பேன். அங்க அது கிடைக்குமான்னுதான் கூட்டாளிகிட்டப் போன்ல கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்," என்றாள். தன்னைப் பற்றி அவ்வளவு உண்மையாக அவள் என்றைக்கும் பேசியதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய், பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார். அன்று அதற்கப்புறம் குளியலறையில் பாட்டு கேட்கவில்லை.

மறுநாள் காலை வாடகைக் கார் ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அவள் முன்னதாகவே எழுந்து, குளித்து, கண்ணாடி போட்டு, புதுப் பருத்தி உடுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மஞ்சள் சட்டையில் வந்தார். ஒரு கையில் வெந்நீர். இன்னொரு கையில் முழு அட்டை, பிரிக்காதது. இரண்டையும் மேசையில் அவள் முன்னால் வைத்தார். தேதி இருந்த ஓரம் அவள் பக்கம் இருந்தது.

"பார்த்துக்கோ," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்களே குடுங்க."

"பார்த்துட்டு நீயே எடுத்துக்கோயேன். அதுல என்ன?"

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கை வலிக்கும் வரை நீட்டியிருந்தாள். கடைசியில் அவர் அட்டையை எடுத்து, ஒன்றைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்தார். அவள் குனியவில்லை. கண்ணை மூடினால் நாடகமாகிவிடும் என்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயில் போட்டு, வெந்நீரைக் குடித்து விழுங்கினாள்.

"பார்க்கலையா?" என்று கேட்டார்.

"இல்ல. சத்தியமாப் பார்க்கல."

அவர் அவள் கண்ணாடியைப் பார்த்தார். மேசையில் கிடந்த அட்டையின் தேதியைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தார். அவர் நம்பவில்லை. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அவள் சொன்ன ஒன்றை அவர் நம்பவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பார்க்கவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கீழே கார் ஹாரன் அடித்தது. அவர் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.